3½ அடி அகல டாய்லெட்டை அம்மா குளிக்கிற மாதிரி வெட் ரூமா மாத்தணும், பண்ணவங்க சொல்லுங்க

#1 கொள்ளிடக்கரை
எல்லாருக்கும் வணக்கம். லால்குடி பக்கம் எங்க அப்பா 1986ல கட்டின வீடு. அந்தக் கால வழக்கப்படி கக்கூஸ் தனி, குளிக்கிற ரூம் தனி. டாய்லெட் நடையை ஒட்டி இருக்கு, உள்ளளவு 3½ அடிக்கு 7 அடி, ஒரு படி ஏறி மேடை மேல இந்தியன் டாய்லெட். குளிக்கிற ரூம் கொல்லைல, பின்கட்டுல இருந்து மூணு படி இறங்கணும், மழைன்னா படியெல்லாம் பாசி.

அம்மாவுக்கு 71 வயசு. தை மாசம் வலது முட்டி மாத்துற ஆபரேஷன் ஆச்சு. அதுல இருந்து ரூம்லயே கமோட் சேர், குளிக்க மட்டும் நானும் என் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு கொல்லைக்கு கூட்டிட்டு போறோம். போன வாரம் நாங்க ரெண்டு பேரும் வெளிய போயிருந்த நேரம் அவங்களே இறங்கியிருக்காங்க, கடைசி படில கால் வழுக்கி துவைக்கிற கல்லை கட்டிப் பிடிச்சு நின்னிருக்காங்க. விழல. ஆனா முழங்கைல சிராய்ப்பு, அதை ரெண்டு நாள் எங்ககிட்ட சொல்லவே இல்ல, புடவைத் தலைப்பால மூடி வெச்சிருந்தாங்க.

அதனால அந்த டாய்லெட்டையே வெட் ரூமா மாத்திடலாம்னு இருக்கேன். படி, மேடை, வாசப்பட்டி எதுவும் இல்லாம நடைல இருந்து நேரா நடந்து போகணும், ஒரு கோடில வெஸ்டர்ன், இன்னொரு கோடில உக்காந்து குளிக்க இடம். கதவு நீளப் பக்கத்துல நடுவுல இருக்கு, எதிர் சுவர் வெளிச்சுவர், அந்தப் பக்கம் சந்து. கொத்தனார் வந்து பாத்துட்டு மேடையை உடைச்சு டைல்ஸ் போட்டு ஷவர் மாட்டிடலாம் சார், 5 நாள் வேலைங்கறார். அவ்வளவு சுலபமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. கமோடு வரப்போற கோடில 9 இன்ச் சுவருக்கு அந்தாண்ட சாமான் ரூம் ஒண்ணு சும்மா கிடக்கு, அந்த சுவரை எடுத்துட்டு பெருசாக்கிடலாமான்னும் ஒரு யோசனை. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

#2 மேஸ்திரி மகன்
அண்ணே முதல்ல அந்த 9 இன்ச் சுவர்ல கை வெக்காதீங்க. 1986 வீடுன்னா பெரும்பாலும் பில்லர் கிடையாது, சுவர் தான் ஸ்லாபை தாங்கிட்டு நிக்கும். இன்ஜினியர் யாராவது வந்து பாத்து பீம் கொடுத்து எடுக்கலாம், ஆனா அது பாத்ரூம் வேலை இல்ல, வீட்டு வேலை ஆகிடும். நேஷனல் பில்டிங் கோடுல டாய்லெட்டும் குளியலும் சேர்ந்த ரூமுக்கு 2.8 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 சதுர அடி வேணும்னு இருக்கு. உங்களுது 24½ தான். புதுசா கட்டுறவங்க அதை கணக்குல வெக்கணும், இருக்கிற பழைய ரூமை மாத்துறப்போ இருக்கிற இடத்துல ஒழுங்கா பண்ணிக்க வேண்டியது தான். உங்க கதவு நீளப் பக்கம் நடுவுல இருக்கிறது பெரிய அதிர்ஷ்டம். 84 இன்ச்ல கமோடுக்கு 27, கதவுக்கு நேரா நிக்க திரும்ப 24, மீதி 33 இன்ச் குளிக்க. உக்காந்து குளிக்க அது போதும். கதவு குறுக்குப் பக்கம் இருந்திருந்தா குளிக்கிற தண்ணியை மிதிச்சுட்டு தான் கமோடுக்கு போகணும்.

இப்போ முக்கியமான விஷயம். கொத்தனார் 5 நாள்னு சொல்லிட்டு போயிட்டார், அவர் லெவல் பிடிச்சு பாத்தாரா? அந்தக் காலத்துல மேடை கட்டினதே டாய்லெட்டுக்கு கீழ இருக்கிற டிராப்பை, அதாவது வாடை வராம தண்ணி நிக்கிற வளைஞ்ச குழாயை, பூமிக்குள்ள இறக்காம மேல தூக்கி வெக்கத்தான். நீங்க மேடையை எடுத்துட்டு நடை மட்டத்துக்கு கொண்டு வரணும்ங்கறீங்க. அப்போ தண்ணி எங்க போகும்? டியூப் லெவல் பிடிச்சு நடைத் தரைக்கும் சந்துல இருக்கிற கல்லி டிராப்போட (கழிவுத்தண்ணி வந்து விழுற சின்ன தொட்டி) பைப் அடிமட்டத்துக்கும் எத்தனை இன்ச் வித்தியாசம்னு அளந்து போடுங்க. அது தெரியாம டைல்ஸ் கடைக்கு போகாதீங்க.

#3 மாடிவீட்டு விஜி
மேஸ்திரி மகன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. எங்களுது வேளச்சேரில ஃபிளாட், 2வது மாடி. மாமியாருக்காக சின்ன டாய்லெட்டை இதே மாதிரி மாத்தினோம், பாக்க ஹோட்டல் ரூம் மாதிரி இருந்துச்சு, நாலே மாசத்துல கீழ் வீட்டு சீலிங்ல மஞ்சளா ஒரு வட்டம். அப்புறம் அந்த வட்டம் பெருசாகி பூச்சு பேந்து அவங்க சாமி அலமாரி மேலயே விழுந்துடுச்சு. அந்த அம்மா திட்டல, அழுதுட்டாங்க, எனக்கு இன்னும் அந்த முகம் மறக்கல.

திரும்ப உடைச்சோம். ஃபிளாட்ல பாத்ரூம் தரை மத்த தரையை விட ஒரு அடி வரைக்கும் பள்ளமா இருக்கும், சங்கன் ஸ்லாப். பைப் எல்லாம் அதுக்குள்ள ஓடும், மேல செங்கல் உடைசல் போட்டு ரொப்பியிருப்பாங்க. எங்க கான்ட்ராக்டர் பழைய ரொப்பலை எடுக்கவே இல்ல, அது மேலயே வாட்டர் ப்ரூஃப் அடிச்சு டைல்ஸ் ஒட்டிட்டார். கடப்பாரையால தோண்டினப்போ உள்ள இருந்த செங்கல் எல்லாம் ஊறி கையில எடுத்தா பிஸ்கட் மாதிரி உதிருது, அடில அரை அடிக்கு கருப்பா தண்ணி தேங்கி நிக்குது, நாத்தம் தாங்கல. வருஷக்கணக்கா நின்ன தண்ணி அது.

ரெண்டாவது தடவை ஸ்லாப் வரைக்கும் காலி பண்ணி, ஸ்லாப்லயே ஒரு கோட்டிங், ரொப்பின அப்புறம் மேல ஒரு கோட்டிங், பள்ளத்தோட அடில தண்ணி சேர்ந்தா வெளிய வடியறதுக்கு தனியா ஒரு சின்ன பைப். ஃபிளாட்ல இருக்கிறவங்க யாராவது இதை படிச்சா, சங்கத்துல எழுத்துல அனுமதி வாங்குங்க, கீழ் வீட்டுக்காரங்க சீலிங்கை வேலைக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உங்களுக்கு தரைத்தளம்கறதால கீழ ஒழுகாது, ஆனா சுவர்ல ஓதம் ஏறும், பக்கத்து சாமான் ரூம்ல உப்பு பூக்கும்.

#4 பிசியோ கோவை
நான் பிசியோதெரபிஸ்ட், முட்டி ஆபரேஷன் ஆனவங்க வீட்டுக்கு தினமும் போறவ. சில விஷயம் சொல்றேன், தயவு செஞ்சு விட்டுடாதீங்க.

கதவு வெளிப்பக்கம் திறக்கணும், இல்லைன்னா பக்கவாட்டுல தள்ளுற தள்ளு கதவு. இவ்வளவு சின்ன ரூம்ல ஒருத்தர் உள்ள விழுந்தா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும், வெளிய இருந்து தள்ளினா அவங்களுக்கு தான் அடிபடும். தாழ்ப்பாள் வெளிய இருந்தும் திறக்கிற வகை போடுங்க. நிலை 2½ அடி இருந்தா வாக்கர் போகும், வீல்சேர் வரும்னு நினைச்சா 3 அடி.

கமோடு உயரம் சீட்டோட சேர்த்து 18 இன்ச்ல இருந்து 19 இன்ச். கடைல இருக்கிற பல மாடல் 15, 16 தான் இருக்கும், டேப் எடுத்துட்டு போங்க. அப்புறம் கைப்பிடி. டவல் ராடை பிடிச்சு எழுந்து அது சுவரோட பிடுங்கிட்டு வந்து விழுந்த கேஸ் எனக்கு வருஷத்துக்கு ரெண்டு வரும். கிராப் பார்னு தனியா வாங்கணும், பூச்சுல இல்ல, செங்கல் உள்ள வரைக்கும் கெமிக்கல் ஆங்கர் (பசை ஊத்தி பிடிக்க வெக்கிற போல்ட்) வெச்சு இறுக்கணும். எந்த உயரத்துல வெக்கிறதுன்னு புஸ்தகத்தை பாத்து முடிவு பண்ணாதீங்க. அதே உயர நாற்காலி ஒண்ணை அந்த இடத்துல போட்டு அம்மாவை உக்கார வெச்சு, எழுந்திரிங்கம்மான்னு சொல்லுங்க. அவங்க கை தானா சுவர்ல எங்க போய் ஊனுதோ அங்க சாக்பீஸால கோடு போடுங்க. குளிக்கிற பக்கமும் அப்படியே.

#5 கொள்ளிடக்கரை
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுவர் யோசனையை விட்டுட்டேன். இன்னிக்கு காலைல டியூப்ல தண்ணி ரொப்பி நானும் என் பையனும் லெவல் பிடிச்சோம். நடைத் தரைல இருந்து சந்துல இருக்கிற கல்லி டிராப் பைப் அடிக்கு வெறும் 5 இன்ச். டாய்லெட் பைப் பழைய கல் குழாய், அது சேம்பர்ல நடை மட்டத்துக்கு 1 அடி 8 இன்ச் கீழ சேருது, அங்க இருந்து செப்டிக் டேங்க். கொத்தனார்கிட்ட 5 இன்ச்னு சொன்னேன், அப்போ உள்ள 4 இன்ச் தூக்கி ஒரு படி வெச்சுக்கலாம் சார்ங்கறார். படி வேண்டாம்னு தானே இத்தனையும்.

#6 மேஸ்திரி மகன்
அண்ணே படி வெச்சீங்கன்னா அது வெட் ரூமே இல்ல. கணக்கு பாருங்க. டைல்ஸும் அதை ஒட்டுற பசையும் 1 இன்ச், வாட்டம் முக்கால் இன்ச், அதுக்கு கீழ ஃப்ளோர் டிராப் உடம்பு 4 இன்ச்சுக்கு குறையாது, அப்புறம் பைப்புக்கு ஓட்டம். 8, 9 இன்ச் இல்லாம ஆகாது. இப்போ இருக்கிற கல்லி டிராப் உங்களுக்கு உதவாது.

ஆனா நீங்களே முதல் பதிவுல ஒண்ணு சொன்னீங்க, கொல்லைக்கு மூணு படி இறங்கணும்னு. அப்போ பூமி அந்தப் பக்கம் ஒண்ணேகால், ஒன்றரை அடி தாழ்வு. சந்துல இருக்கிற கல்லியை மூடிட்டு நடை மட்டத்துக்கு 14 இன்ச் கீழ புதுசா ஒண்ணு கட்டுங்க, அங்க இருந்து 3 இன்ச் பைப்பை கொல்லைக்கு ஓட்டுங்க, 5 அடிக்கு 1 இன்ச் இறக்கம் கொடுத்தா தாராளம். வாழையோ தென்னையோ இருக்கும்ல, அங்க ஒரு உறிஞ்சு குழி. குளிக்கிற தண்ணியை செப்டிக் டேங்க்ல விடவே விடாதீங்க. சோப்புத் தண்ணி பக்கெட் பக்கெட்டா போனா டேங்க்ல கசடு அடங்க நேரமே கிடைக்காது, எல்லாம் கலங்கி வெளிய தள்ளும், டேங்க் சீக்கிரம் ரொம்பும். டாய்லெட் மட்டும் சேம்பருக்கு. அந்த கல் குழாயை எடுத்துட்டு 4 இன்ச் பிவிசி போட்டுடுங்க, 40 வருஷ ஜாயின்ட் உள்ள வேர் போயிருக்கும்.

கமோடு பின்னாடி சாமான் ரூம் இருக்கிறதால பி டிராப் வெச்சு சுவர் வழியா எடுக்க முடியாது, எஸ் டிராப் தான், தரைல இறக்கி சந்துக்கு திருப்பணும். எஸ் டிராப்ல சுவர்ல இருந்து பைப் நடு 9 இன்ச்சா 12 இன்ச்சான்னு மாடலுக்கு மாடல் மாறும். அந்த சுவர் டைல்ஸ் கனத்தையும் சேர்த்து அளக்கணும். கமோடை வாங்கி வீட்டுக்கு கொண்டாந்து வெச்சுட்டு அப்புறம் பைப் போடச் சொல்லுங்க, மாத்தி செஞ்சுட்டு முழிக்கிறவங்க தான் அதிகம்.

#7 அகல் விளக்கு
குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். வெட் ரூம் வெட் ரூம்னு சொல்றீங்களே, நம்ம ஊர் பாத்ரூம் எல்லாமே வெட் ரூம் தானே? நாம எப்பவும் தரை முழுக்க தண்ணி ஊத்தி தானே குளிக்கிறோம். இதுல என்ன புதுசு?

#8 மேஸ்திரி மகன்
நல்ல கேள்வி. தண்ணி ஊத்துறது நமக்கு பழக்கம் தான், ஆனா தண்ணி வெளிய வரக்கூடாதுன்னு வாசல்ல 2 இன்ச் திண்டு வெச்சு, ஒரு மூலைல நஹானி டிராப் (ஜாலி போட்ட தரை டிராப்) வெச்சு, மீதியை விளக்குமாத்தால தள்ளிக்கோன்னு விட்டுட்டோம். மத்தியானம் வரைக்கும் தரை ஈரம். வெட் ரூம்னா திண்டு கிடையாது, வாட்டமே தண்ணியை ஒரே பக்கம் கொண்டு போகணும், டைல்ஸுக்கு அடில ரூம் முழுக்க தொட்டி மாதிரி வாட்டர் ப்ரூஃப் இருக்கணும், குளிச்சு கொஞ்ச நேரத்துல காயணும். திண்டு இல்லாததால தப்பு நடந்தா தண்ணி நேரா நடைக்கு வந்துடும். அதனால தான் இவ்வளவு ஜாக்கிரதை.

#9 நெடுந்தீவான்
வணக்கம். நான் லண்டன்ல இருக்கிறன். எங்கட வீட்டில படிக்குக் கீழ இருந்த சின்ன டொய்லெட்டை அப்பாவுக்காக வெட் ரூம் ஆக்கினனாங்கள், அவருக்கு பாரிசவாதம் வந்து இடது பக்கம் ஏலாமப் போட்டுது. இஞ்ச பழைய வீடுகளுக்கு நிலம் மரப்பலகை, அதால பலகையை வெட்டி, ஏற்கனவே சரிவு வைச்சுச் செய்த ஒரு தட்டை உள்ளுக்க இறக்கி, அதுக்கு மேல சுவர் வரைக்கும் டாங்கிங் எண்டு தண்ணி புகாத பூச்சு பூசுவினம். மேல மாபிள் (நீங்கள் சொல்லுற டைல்ஸ்) கிடையாது, வழுக்காத வினைல் விரிப்பு, மூலையில வளைச்சு சுவரில நாலு இஞ்சி ஏத்தி பொருத்தை உருக்கி ஒட்டுவினம். மூலையில பொருத்தே இல்லாதபடியா தண்ணிக்கு வழியில்லை. உங்களுக்கு மாபிள் எண்டாலும், சுவரும் நிலமும் சந்திக்கிற மூலையைத் தான் கூடக் கவனிக்கோணும், ஒழுக்கு அங்க தான் துவங்கும்.

இன்னொண்டு, சுடுதண்ணி. அப்பாவுக்கு இடது கையில சூடு விளங்காது. ஒருநாள் கையை அப்பிடியே வைச்சுக் கொண்டிருந்தவர், நான் பாத்து இழுத்தனான், தோல் சிவந்து போச்சு. பிறகு ஷவருக்கு 41 டிகிரிக்கு மேல வராத வால்வு போட்டனாங்கள். வயசான ஆக்களுக்கு இது பெரிய விசயம்.

லண்டன்ல, இங்கிலாந்தில இருக்கிற ஆரும் இதை வாசிச்சால், உங்கட கவுன்சில்ல டிசேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட் எண்டு கேளுங்கோ. வருமானம் பாத்து 30,000 பவுண்ஸ் வரைக்கும் குடுப்பினம், முதல்ல ஒரு ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பாப்பா. வேலையைத் துவங்கின பிறகு விண்ணப்பிச்சால் கிடையாது. எங்களுக்கு அது தெரியாமல் போட்டுது, அதால தான் சொல்லுறன்.

#10 கொள்ளிடக்கரை
நெடுந்தீவான் அண்ணே, அப்பாவை கேட்டதா சொல்லுங்க. மூலை விஷயத்தை குறிச்சு வெச்சுட்டேன்.

லெவல் பிரச்சனை தீர்ந்துது. கொல்லைல 22 அடி தள்ளி வாழைக்கன்னு இருக்கு, அங்க குழி தோண்ட ஆள் சொல்லியாச்சு. இப்போ வீட்ல பேச்சு என்னன்னா கண்ணாடி தடுப்பு வெக்கலாமா, மேல பெரிய ரெயின் ஷவர் வெக்கலாமா, ஃபிட்டிங்ஸ் எல்லாம் கருப்பு மேட் கலர்ல எடுக்கலாமான்னு. என் மனைவிக்கு அது ரொம்ப பிடிச்சிருக்கு. போர் தண்ணி தான், கொஞ்சம் உப்பு. டேங்க் மொட்டை மாடில இருக்கு. டைல்ஸ் எது எடுக்கலாம்னும் சொல்லுங்க.

#11 டைல்ஸ்கடை தம்பி
சார் நான் 12 வருஷமா டைல்ஸ், சானிட்டரி கடைல வேலை பாக்குறேன், விக்கிறவனே சொல்றேன், உப்புத் தண்ணிக்கு கருப்பு மேட் வேண்டாம். ஒரே மாசத்துல வெள்ளை வெள்ளையா திட்டு படியும், தேய்ச்சா கோட்டிங் போயிடும். சாதா குரோம் எடுங்க, துணியால துடைச்சா போதும். கண்ணாடியும் அப்படித்தான், தினமும் வழிச்சு விடலைன்னா பாலாடை மாதிரி ஆகிடும், அதுவும் 3½ அடி அகலத்துல கண்ணாடி வெச்சா அம்மாவை பிடிச்சுக்க இன்னொருத்தர் பக்கத்துல நிக்க முடியாது. ஒரு கம்பி அடிச்சு திரை தொங்க விடுங்க, வேண்டாத நேரம் ஒதுக்கிடலாம்.

ரெயின் ஷவருக்கு பிரஷர் வேணும். டேங்க்ல இருந்து ஷவர் 10 அடி கீழ இருந்தா 0.3 பார் தான் வரும், சொட்டு சொட்டா தலைல விழும், பம்ப் வெக்கணும். உக்காந்து குளிக்கிறவங்களுக்கு எதுக்கு சார் அது, கை ஷவர் ஒண்ணு ராடுல ஏத்தி இறக்குற மாதிரி போடுங்க. முக்கியமா பக்கெட்டுக்கு ஒரு குழாய். அம்மா அந்தக் காலத்து ஆள், கடைசில சொம்புல மொண்டு ஊத்தினா தான் குளிச்ச மாதிரி இருக்கும். பக்கெட்டை ஒன்றரை அடி ஸ்டூல் மேல வெச்சு அதுக்கு மேல குழாய் வர மாதிரி பண்ணுங்க, குனிய வேண்டியதில்ல.

டைல்ஸ் தரைக்கு மேட், ஆன்டி ஸ்கிட். ஆர்10, ஆர்11னு போட்டிருக்கும், அது ஷூ போட்டு எண்ணெய் ஊத்தி டெஸ்ட் பண்ற நம்பர். வெறும் காலுக்கு ஏ, பி, சின்னு தனியா ஒரு தரம் இருக்கு, பெட்டில அது இருந்தா பி இல்லைன்னா சி எடுங்க. பெட்டில இல்லையா, கடைலயே ஒரு டைல்ஸை தரைல போடச் சொல்லி சோப்புத் தண்ணி ஊத்தி செருப்பை கழட்டிட்டு நின்னு பாருங்க. எந்தக் கடைக்காரரும் வேண்டாம்னு சொல்ல மாட்டார். சைஸ் 2 அடிக்கு 2 அடி பாக்க அழகா இருக்கும், ஆனா நடுவுல வட்ட ஜாலி வெச்சா நாலு பக்கமும் வாட்டம் வரணும், பெரிய டைல்ஸ் மடங்காது, வெட்டி வெட்டி ஒட்டினா மூலைல தண்ணி நிக்கும். கடைசி சுவரை ஒட்டி நீள ஜாலி போட்டுட்டீங்கன்னா ஒரே பக்கம் வாட்டம், 1 அடி டைல்ஸ் போதும், ஜாயின்ட் நிறைய இருந்தா கால் பிடிமானமும் கூட. தரை ஜாயின்டை அடைக்க சிமெண்டுக்கு பதிலா எபாக்ஸி க்ரௌட் (பிசின் கலவை) கண்டிப்பா.

ஆசிட் வாங்கி ஊத்தி கழுவுற பழக்கம் இருந்தா இன்னியோட நிறுத்துங்க. சிமெண்ட் ஜாயின்டை தின்னுடும். ஆசிட் ஊத்தின இடத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டா குளோரின் வாயு வரும், 24 சதுர அடி ரூம்ல கதவை சாத்திட்டு யாராவது கழுவினா மூச்சுக்கே ஆபத்து.

#12 ஒயர்மேன்
கரண்ட் வேலையை யாரும் பேசல. தரை முழுக்க ஈரம்னு ஆனப்புறம் பழைய வீட்டு எர்த்தை நம்பாதீங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைஞ்சுடுற சுவிட்ச்) கட்டாயம், ஃபியூஸ் கேரியர் மட்டும் இருக்கிற போர்டுன்னா இதோட சேர்த்து மாத்திடுங்க. 15 லிட்டர் 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் இழுக்கும், தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக். சுவிட்ச் எல்லாம் வெளிய நடைல. கீசரை குளிக்கிற இடத்துக்கு நேர் மேல மாட்டாதீங்க, கமோடு பக்கத்து சுவர்ல உயரத்துல மாட்டுங்க, அந்த சேஃப்டி வால்வை மூடி அடைச்சுடாதீங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் குளிக்கிற பக்கம் உச்சில, கதவுக்கு அடில அரை இன்ச் இடைவெளி, அப்போ தான் காத்து உள்ள வந்து ஈரத்தை தள்ளும். ராத்திரி எழுந்து போறவங்களுக்கு ஒரு சின்ன எல்இடி எப்பவும் எரியட்டும்.

#13 கொள்ளிடக்கரை
வேலை ஆரம்பிச்சு 9 நாள் ஆச்சு. மேடையை உடைச்சதும் உள்ள வெறும் ஆத்து மணல், ஈரமா. கல் குழாயை எடுத்தோம், மேஸ்திரி மகன் சொன்ன மாதிரியே, ஜாயின்ட் உள்ள முருங்கை வேர் ஜடை மாதிரி பின்னி கிடந்துச்சு, பாதி வழியை அடைச்சுட்டு. இத்தனை வருஷம் எப்படி போச்சுன்னே தெரியல. புது பைப், புது கல்லி, காங்கிரீட், எல்லாம் முடிஞ்சு மூலையெல்லாம் வளைச்சு பூசி, வலை ஒட்டி, ரெண்டு கோட்டிங், முதல் கோட் நீளவாக்குல ரெண்டாவது குறுக்குவாக்குல. தரை முழுக்க, சுவர்ல ஒரு அடி, குளிக்கிற பக்கம் 7 அடி உயரம் வரைக்கும். ரெண்டு நாள் காயவிட்டு நேத்து காலைல ஜாலி பைப்பை அடைச்சு, வாசல்ல தற்காலிகமா செங்கல் வெச்சு, எங்கயாவது ஒழுகுதான்னு பாக்க 2 இன்ச் தண்ணி கட்டினோம். தண்ணி மட்டத்துக்கு பென்சில் கோடு போட்டேன்.

இன்னிக்கு காலைல பாத்தா தண்ணி கோட்டுக்கு அரை இன்ச் கீழ. கொத்தனார் வெயிலுக்கு இழுத்திருக்கும் சார்ங்கறார், நாளைக்கு டைல்ஸ் ஆரம்பிக்கலாம்ங்கறார். என்ன பண்ணட்டும்?

#14 மேஸ்திரி மகன்
ரூமுக்குள்ள ஏதுண்ணே வெயிலு. சந்தேகம் இருந்தா அதே ரூம்ல ஒரு அகலப் பாத்திரத்துல தண்ணி வெச்சு கோடு போடுங்க, அதுல எவ்வளவு குறையுதோ அது தான் ஆவியானது. ஒரு நாள்ல அரை இன்ச் குறைஞ்சா ஓட்டை இருக்கு. சந்துப் பக்கம் வெளிச்சுவர்ல ஈரம் தெரியுதான்னு பாருங்க, கமோடு பைப்பை சுத்தி பாருங்க. டைல்ஸ்ல கை வெக்க விடாதீங்க, இப்போ கண்டுபிடிச்சா 500 ரூபா வேலை, ஒட்டின அப்புறம்னா எல்லாத்தையும் பேக்கணும்.

#15 மாடிவீட்டு விஜி
கொத்தனார் கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, நிறுத்துங்க. நாங்க இந்த டெஸ்டே பண்ணாம போய் தான் அந்த அம்மா வீட்டு சாமி அலமாரி பாழாச்சு.

#16 கொள்ளிடக்கரை
கண்டுபிடிச்சாச்சு. பாத்திரத்துல கோடு அப்படியே இருந்துச்சு, தரைல மட்டும் குறைஞ்சுது. தண்ணியை இறைச்சுட்டு டார்ச் அடிச்சு பாத்தேன், கமோடு பைப் தரைல இருந்து வெளிய வர இடத்துல சுத்தி தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். பிவிசி வழவழப்பா இருக்கிறதால கோட்டிங் பிடிக்கல. பைப்பை உப்புத்தாளால தேய்ச்சு, சுத்தி ஒரு இன்ச் கொத்தி எடுத்து, சுருங்காத க்ரௌட் ஊத்தி, வலை சுத்தி திரும்ப ரெண்டு கோட். திரும்ப 48 மணி நேரம். கோடு இம்மி நகரல. கொத்தனாரும் வந்து குனிஞ்சு பாத்துட்டு, இனிமே எல்லா வீட்லயும் இதை பண்ணிடுறேன் சார்னார்.

டைல்ஸ் ஒட்டும்போது அவர் பழக்கத்துல நாலு மூலை, நடுவுல ஒண்ணுன்னு உருண்டை உருண்டையா கலவை வெச்சு அழுத்தினார், விடல. பல்லு கரண்டியால டைல்ஸ் முதுகு முழுக்க பசை தடவச் சொன்னேன். முடிச்சதும் ஒரு ரூபா காசால ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாத்தேன், மூணு மட்டும் டொக்கு டொக்குன்னு காலி சத்தம், எடுத்து மறுபடி ஒட்டினார்.

கைப்பிடிக்கு பிசியோ மேடம் சொன்ன மாதிரி அம்மாவை உக்கார வெச்சேன். நான் மனசுல நினைச்சிருந்த இடத்துக்கு 5 இன்ச் கீழ ஊனினாங்க, அதுவும் இடது கை. நான் வலது பக்கம்னு முடிவே பண்ணி வெச்சிருந்தேன்.

#17 பிசியோ கோவை
ஆபரேஷன் பண்ண காலை நீட்டிட்டு நல்ல காலை ஊனி எழுந்திருப்பாங்க, அந்தப் பக்கக் கை தான் வேலை செய்யும். ரெண்டு பக்கமும் போட்டுடுங்க, மூணு மாசம் கழிச்சு மாறும்.

#18 கொள்ளிடக்கரை
முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு, எழுதறேன்னு சொல்லிட்டு விட்டுப்போச்சு. மொத்தம் 19 நாள், 1 லட்சத்து 38 ஆயிரம் ஆச்சு, அதுல கொல்லை பைப், குழி, கல்லி மட்டும் 21 ஆயிரம். கமோடு இருக்கிற இடம் மட்டமா விட்டுட்டு கதவுல இருந்து கடைசி சுவர் வரைக்கும் முக்கால் இன்ச் வாட்டம், நடந்தா தெரியவே தெரியாது. வாஷ் பேசினை நடைல வெச்சுட்டோம். கதவு தள்ளு கதவு. வாசல்ல திண்டு இல்ல, ஒரு பக்கெட் தண்ணியை உள்ள நின்னு வேணும்னே ஊத்திப் பாத்தேன், நடைக்கு ஒரு சொட்டு வரல.

அம்மா முதல் நாள் குளிச்சது நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டே இருந்தேன். ஸ்டூல் இழுக்கிற சத்தம், குழாய், அப்புறம் சொம்பு பக்கெட்டுல முட்டுற சத்தம். கை ஷவரை தொடவே இல்ல. அரை மணி நேரம் குளிச்சாங்க. ரெண்டு மாசமா யாராவது பக்கத்துல நின்னு தான் குளிச்சாங்க இல்லையா.

ஒரு குறை, ஜாலி மூலைல ஒரு டைல்ஸ் கால் இன்ச் தாழ்ந்து அங்க மட்டும் உள்ளங்கை அளவு தண்ணி நிக்குது. இந்த வாரம் கொத்தனார் வந்து அந்த ஒண்ணை மட்டும் எடுத்து ஒட்டித் தரேன்னு சொல்லியிருக்கார். எபாக்ஸியை எப்படி டைல்ஸ் ஓரம் உடையாம எடுக்கிறது?

#19 டைல்ஸ்கடை தம்பி
ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ வெச்சு ஜாயின்டை சூடு பண்ணுங்க சார், எபாக்ஸி இளகும், அப்போ கட்டர் பிளேடால கீறி எடுக்கணும். உளி வெச்சு தட்டக்கூடாது, கீழ இருக்கிற கோட்டிங் கிழியும். டைல்ஸ் வந்ததும் அந்த இடத்துல ஒரு கோட்டிங் திரும்ப அடிச்சு காய விட்டு ஒட்டச் சொல்லுங்க. அதே பேட்ச் டைல்ஸ் மிச்சம் வெச்சிருக்கீங்கல்ல?

#20 கொள்ளிடக்கரை
6 டைல்ஸ் இருக்கு தம்பி, பரண்ல.

#21 அகல் விளக்கு
கடைசியா ஒரு கேள்வி. ஊருக்கு போயிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வந்தா எங்க வீட்டு ஜாலில சாக்கடை வாடை வருது, உங்களுதுல வருதா?

#22 மேஸ்திரி மகன்
டிராப்ல நிக்கிற தண்ணி காஞ்சிருக்கும், அந்தத் தண்ணி தான் வாடையையும் கரப்பானையும் தடுக்குது. 2 இன்ச் தண்ணி நிக்கிற டிராப்பா பாத்து போட்டா சட்டுன்னு காயாது. ஊருக்கு கிளம்பும்போது ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தி அது மேல ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுட்டு போங்க, எண்ணெய் படலம் ஆவியாக விடாது. வாரம் ஒரு தடவை ஜாலியை தூக்கி முடியை எடுத்துடுங்க.